நரி இன்னும் கீழே பார்க்கவில்லை

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்களை நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பஸ்ஸுக்கு நேரமானாலும் நின்றுவிடுவேன். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் தோளைப் பார்ப்பேன். நம் பக்கத்தில் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு செத்தவர்கள் குறைவு. கல்யாண வீட்டில் பத்துப் பேரோடு நின்றபோது எடுத்த படத்திலிருந்து இறந்தவரை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டியெடுத்து, பின்னால் மேகம், மலை, ஒரு வெள்ளைப் புறா வைப்பார்கள். வெட்டுகிறவருக்கு அவசரம் என்றால், பக்கத்தில் நின்றவர் பிரியமாகப் போட்டிருந்த கையின் நாலு விரல் அவர் தோளிலேயே தங்கிவிடும். ஆள் மேகத்துக்குப் போயிருப்பார். யாரோ ஒருவர் மட்டும் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்.

கறம்பக்குடியில் ஃப்ளெக்ஸ் கடையை ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணிடம் விரல் தப்பாது. எலி பொறியில் மாட்டுவது போல மாட்டும். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் சட்டைத் துணியை ஒட்டி நெய்துவிடுவாள். கட்டம் போட்ட சட்டையென்றால் கட்டம்கூடக் கோணாது. இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவள் திருப்பூரில் அக்கா வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதில் சந்தேகம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எழுத்தாளன். நகைச்சுவைக் கட்டுரைகள். அப்போது இரண்டு புத்தகம் வந்திருந்தது. இரண்டையும் முழுதாகப் படித்தவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவர்கள் நானும் மெய்ப்பு பார்த்தவரும். மெய்ப்பு பார்த்தவர் விஷயத்தில் இப்போது ஐயம் வந்துவிட்டது. ஆனால் கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில், டீக்கடை எதிரில், பாலத்துக் கைப்பிடியில் என் எழுத்தை ஊரே படித்திருக்கிறது. 'நிழல் தந்த மரமே, வெயிலில் நிற்கிறோம்' வகையறா. கண்ணீர் அஞ்சலிக்கு அடியில் வரும் நாலு வரி இருக்கிறதல்லவா, அந்தக் கடையில் அதை எழுதியவன் நான்தான். கூலி ஒரு டீ.

வயிற்றுப்பாட்டுக்கு ஓர் அரசாங்க ஆபீஸில் எழுத்தர். ஆபீஸ் முகாமுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். அங்கே காய்ந்துகொண்டிருந்த ஒரு கண்ணீர் அஞ்சலியில் 'மறைந்தாலும்' என்பதற்கு இடையின ரகரம் போட்டிருந்தது. இறந்தவர் மரமாகிவிட்டார் என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சார். எனக்குப் படந்தான் வரும், எழுத்து வராது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஆறேழு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முப்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவளுக்குப் பென்சில் எதற்கு என்று கேட்டதற்கு, "கொண்டைக்கு" என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கடைக்குள் மை நெடி மூக்கைத் துளைக்கும். மெஷினின் தலை இடமும் வலமும் சர்ரக் சர்ரக் என்று ஓடி, இறந்தவரை உச்சந்தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். எட்டுக்கு ஆறு சைஸ் முழுதாக இறங்க ஏழு நிமிஷம்.

அந்த ஏழு நிமிஷத்தில்தான் அவள் போனை எடுத்துக் கீபோர்டில் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பாள். எல்லாம் பழைய அமெரிக்கக் கார்ட்டூன்கள். நரி கோழியைத் துரத்தும். பூனை யாரையாவது துரத்தும். ஒரு படத்தில் ஒரு குண்டு மனிதர் தன் தொப்பியையே துரத்துவார். ஒரு படம் ஏழு நிமிஷம். மெஷின் நிற்கையில் திரையில் கறுப்பு வட்டம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, படம் முடியும். மெஷினுக்கு அளந்து எடுத்த மாதிரி இருக்கும்.

நான் விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் வியாதிக்காரன். இதெல்லாம் டிவி வருவதற்கு முன்னால் தியேட்டருக்காக எடுத்தது, பெரிய படம் போடுவதற்கு முன்னால் ஓட்டுவார்கள், சின்னப்பிள்ளைகளுக்காக எடுத்ததே இல்லை, வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்ந்த பெரியவர்களுக்காக எடுத்தது என்று ஒரு நாள் விளக்கினேன்.

"அதான் நல்லாருக்கு" என்றாள். பிறகு திரையில் ஒரு விரலை வைத்தாள். மலைச்சரிவில் நூறு கல் கிடந்தது. "இந்தக் கல்லு விழும் பாருங்க."

விழுந்தது. நரியின் தலையில்தான்.

"முன்னாடியே பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். ஆனா அதுக்காகச் சொல்லலை. மத்த கல்லெல்லாம் ஒரே பெயின்டிங், நிரந்தரமா இருக்கறது. விழப்போற கல்லை மட்டும் தனியா வரைஞ்சு மேல வைக்கணும்ல, அதான் கலர் கொஞ்சம் வெளுத்திருக்கும். எது போகப்போகுதுன்னு கலரைப் பாத்தாலே தெரிஞ்சிரும் சார்."

நாற்பது வருஷமாகக் கார்ட்டூன் பார்க்கிற எனக்கு இது தெரியாது. அன்றைக்கு டீயை நான் வாங்கினேன்.

சத்தம் வைக்க மாட்டாள். எதிரே பெஞ்சில் சாவு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படங்களுக்கோ இசைதான் உயிர். நரி கால் எடுத்து வைத்தால் ஒரு வயலினும் கூடவே நடந்து வரும். ஆனால் அவள் பெருவிரல் மேஜையில் சரியாகத் தாளம் போடும். சிரிப்பு மட்டும் அடங்காது. வாயை முந்தானையால் பொத்திக்கொள்வாள், தோள் குலுங்கும்.

ஒரு தடவை அம்மாவைப் பறிகொடுத்த ஒருவர் அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெஷினில் அம்மா பாதி இறங்கியிருந்தார். இவள் தோள் குலுங்கக் குலுங்க, அவருக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, "ஒங்களுக்கு எங்கம்மாவத் தெரியுமாங்க?" என்றார்.

போனைக் கவிழ்த்துவிட்டு, "இல்லைங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"தெரியாதவங்களுக்கே இம்புட்டு வருத்தமா இருக்குன்னா…" என்று அவர் உடைந்து அழுதார். கருமாதிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கும்வரை நான் டீ கிளாஸையே பார்த்தேன். அவளே சொன்னாள்: "பாவம் சார், அந்த மனுசன். போயிட்டு வந்துரணும்." நிஜமாகவே போய், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஆளுக்கு மூச்சு நிற்காமல் கண்ணீர் அஞ்சலி அடிக்க மாட்டாள். கேட்பதற்கு இயல்பான விஷயமாகத் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொன்னவுடன், ஆம்புலன்ஸ் ஊர் வந்து சேருவதற்குள் கண்ணீர் அஞ்சலிக்குச் சொல்லிவிடுகிற பொறுப்பான மகன்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும்போது முக்கத்தில் போர்டு இல்லையென்றால் மரியாதைக் குறைவு.

அப்படித்தான் திருவரங்குளத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவுக்கு. படம், பெயர், பேரன் பேத்திகள் பட்டியல், எல்லாம் தயார். தேதிக்கு மட்டும் இடம் விட்டுவிடச் சொன்னார். நான் அதற்குள் நாலு வரியே எழுதிவிட்டேன். 'ஏர் பிடித்த கைகள் ஓய்ந்தன' என்று ஆரம்பம். நன்றாக வந்திருந்தது.

"ஐயா இருக்காங்கள்ல?" என்று கேட்டாள்.

"இருக்காரு. ஆனா டாக்டரு…"

"அப்ப போயிட்டு, பொறவு வாங்க."

"ஏங்க, நான் என்ன சும்மாவா அடிக்கச் சொல்றேன்? ராத்திரி ஏதும் ஆனா காலையில ஒங்கள எங்கிட்டுப் போய்த் தேடறது?"

"வீட்டு நம்பர் தாரேன். எந்நேரமானாலும் வாரேன். இப்ப அடிக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் நாலு வரியைப் பார்த்தேன். அவர் திட்டிக்கொண்டே போனபிறகு, "ஏம்மா இப்படி?" என்றேன்.

போனைத் திருப்பிக் காட்டினாள். நரி கோழியைத் துரத்திக்கொண்டு மலை விளிம்பைத் தாண்டி ஓடியது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"இப்ப இது விழுந்துருச்சா, விழலையா?"

"விழலை."

"எதுவரைக்கும் விழாது?"

"கீழ பாக்கற வரைக்கும்."

"அம்புட்டுத்தான். நம்ம போர்டை அடிச்சு வச்சா, யாராச்சும் பாத்துருவாங்க. பாத்துட்டா போச்சு."

அந்தத் திருவரங்குளத்துப் பெரியவர் பொங்கலைத் தாண்டினார். அடுத்த பொங்கலையும் தாண்டினார். பிறகு அதே மகன் அதே கடைக்கு வந்து, அதே படத்தை வைத்து, அப்பாவுக்கு எண்பதாம் கல்யாண ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு போனார். அவர் முகத்திலும் இவள் முகத்திலும் பழைய விஷயத்தின் சாயலே இல்லை. என் நாலு வரிதான் நட்டம். கையெழுத்துப் படியைப் பத்திரப்படுத்தி, ஆறு மாதம் கழித்து ஏர் பிடித்தே அறியாத ஒரு பெட்டிக்கடைக்காரருக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் அவளுடைய கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் மாமியார் கடைக்கு வந்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

அவள் புருஷன் கடலுக்குப் போகிறவர். மணமேல்குடிப் பக்கம். ஒரு ஆனி மாதம் நாலு பேர் படகில் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள். "வலையை இழுத்துக்கிட்டிருந்தோம், திரும்பிப் பாத்தோம், ஆளைக் காணோம்" என்றார்கள். தேடினார்கள். சட்டைகூடக் கிடைக்கவில்லை. அவள் கொஞ்ச நாள் அங்கேயே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கறம்பக்குடிக்கு வந்து, இந்தக் கடையில் சேர்ந்து, பின்பக்க அறையில் குடியிருந்தாள். கழுத்துக் கயிற்றை அவிழ்க்கவில்லை, சடங்கு எதற்கும் சம்மதிக்கவில்லை.

மாமியாரைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு ஆசைதான், கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அந்த அம்மா அப்படி இல்லை. அமாவாசைக்கு முந்தின நாள் பஸ் பிடித்து வருவார். மருமகளுக்குக் கருவாடு கொண்டு வருவார். சாவு வீட்டுக்காரர்கள் உட்காரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நரியைப் பார்ப்பார்.

"ஏத்தா, இதுக்கு அடிபடவே படாதா?"

"படும் அத்தை. அடுத்த சீன்ல சரியாப் போயிரும்."

"நல்ல சாதகம்" என்பார் அந்த அம்மா. சற்றுக் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அமாவாசை. ஊரு பூரா படையல் போடுறாளுக. எம்புள்ளைக்கு மட்டும் ஒரு வா சோறு இல்லை. பசியோட எங்கிட்டு அலையுறானோ. ஒரு எலை போட விடுத்தா."

"அவுக வந்தா வீட்டுலயே சாப்புடுவாக அத்தை."

 அந்த அம்மா மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒருத்தி சோறு போட்டால் அவன் செத்தவன். ஒருத்தி சோறு போடவிடாவிட்டால் அவன் பட்டினி. நடுவில் ஒரு ஸ்டூலில் நான், கையில் டீயோடு.

கார்ட்டூன் எப்படி வந்தது என்பதையும் அப்போதுதான் சொன்னாள். அது அவள் புருஷனுடைய மெமரி கார்டு. படகில் கேட்கப் பழைய பாட்டு ஏற்றித் தரச்சொல்லி மொபைல் கடையில் கொடுத்தாராம். கடைக்காரர் ஆள் மாறி, வேறு எவருக்கோ ஏற்றவேண்டிய நாற்பது கார்ட்டூனை ஏற்றிக் கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர், போகும் வழியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம்.

"ஊரே கேக்கற மாதிரி சிரிப்பாரு சார். எனக்கு எரிச்சலா வரும். பெரிய மனுசன் பொம்மைப் படம் பாத்துச் சிரிக்கிறீகளேன்னு திட்டுவேன். கடைசியாக் கடலுக்குப் போன அன்னைக்குக் கார்டை வீட்டுல வச்சிட்டுப் போயிட்டாரு. சரி, அப்பிடி என்னதான் இருக்குன்னு பாத்தேன்." போனை முந்தானையால் துடைத்தாள். "நல்லாத்தான் இருக்கு."

அந்த நாற்பது படத்தைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்தாள். புதிதாக ஒன்றுகூட ஏற்றவில்லை.

இனி என் பங்கு.

ஒரு மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மெஷினில் யாருடைய காதணி விழாவோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் காணாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருக்கும். திடீரென்று கேட்டாள்: "சார், ஒங்க ஆபீஸ்ல காணாமப் போனவங்களை எப்பிடி எடுத்துக்குவாக?"

நான் சட்டம் தெரிந்தவன், நகைச்சுவை தெரிந்தவன். இரண்டும் ஒரே நேரத்தில் வாயில் வந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாதவன்.

"ஏழு வருஷம்மா. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லைன்னாத்தான் இறந்ததா எடுத்துக்கலாம். அதுவரைக்கும் அந்தரந்தான். ஒன் நரிக்கு அஞ்சு செகண்டு, நம்ம சர்க்காருக்கு ஏழு வருஷம்."

முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். முந்தானை வைக்க மறந்துவிட்டாள். பிறகு, "ஏழு வருஷமா" என்று மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை. அந்த வாரமே அதை ஒரு கட்டுரையின் முடிவு வரியாக வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்தது. ஒரு வாசகர் கார்டு போட்டுப் பாராட்டினார். என் எழுத்து வாழ்க்கையில் கிடைத்த மூன்று கார்டுகளில் அது ஒன்று.

நான் மறந்துபோனேன். ஜோக் சொல்கிறவன் சொன்னதும் மறந்துவிடுகிறான். கேட்டவர்களில் யாராவது அதை முடிந்து வைத்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

நாலு வருஷம் கழித்து, ஒரு ஆனி மாதக் காலையில் ஆபீஸுக்குப் போன் பண்ணினாள். "சார், நாலு வரி வேணும். மத்தியானம் வாரீகளா?"

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

உடல் ஏதும் கிடைத்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள். திரையில் ஒரு ஸ்டுடியோ படம் திறந்திருந்தது. நாற்காலியில் ஒரு இளைஞர், புதுச் சட்டை, வாரிய தலை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சார். நேத்தோட ஏழு முடிஞ்சிருச்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். "அது கோர்ட்டுக்கு, ஆபீஸுக்கு உள்ள சட்டம்மா. ஒன்னை யாரும் இப்பவே செய்யச் சொல்லலை. நான் ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு…"

"நீங்க சொன்னது சரிதான் சார்." என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினாள். அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தரத்துல அது எம்புட்டு நேரம் நிக்கணும்னு ஒரு அளவு இருக்கு. கூடுதலா நின்னா சிரிப்பு வராது சார், பாக்கறவுகளுக்கு வலிக்க ஆரம்பிச்சிரும். அத்தை ஏழு வருஷமாப் பாத்துக்கிட்டே நிக்கறாக. போன அமாவாசைக்குப் பஸ் ஏற முடியலை அவுகளால. அவுக கண்ணை மூடறதுக்குள்ள ஒரு எலை போட்டுக்கட்டும்."

காகிதத்தை எடுத்து வைத்தாள். எவருக்கும் ஒரு டீ ஆறுவதற்குள் எழுதுகிறவன் நான். மரம் எழுதினேன், அடித்தேன். கடல் எழுதினேன். அலை எழுதினேன். எல்லாம் ஏற்கனவே வேறு யாருக்கோ எழுதியதாகவே இருந்தது. அவள் அதற்குள் மேகத்தையும் மலையையும் எடுத்துவிட்டு, வெறும் நீலம் வைத்தாள். புறா வைக்கவில்லை. மெஷினை முடுக்கினாள்.

போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. எடுக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

சர்ரக் சர்ரக். தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. புருவத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது கரண்ட் போனது.

மெஷின் நின்றது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. அவள் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீகளா சார், எறங்க மாட்டேங்கறாரு."

அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வேர்த்துக் கொட்டியது. வழக்கமாகக் கரண்ட் போனால் வாசலில் நின்று ஊரையே திட்டுகிறவள் அன்றைக்கு அசையவில்லை. கரண்ட் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் வேண்டியிருப்பாள் என்று இப்போதும் நம்புகிறேன். சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லிச் செய்த வேலையே போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நாலு வரி வந்துச்சா சார்?"

"வரலைம்மா."

"பரவால்ல. அந்தப் படத்துலயும் பேச்சு கெடையாதுல்ல."

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பாதியில் நின்றதைத் தொடர முடியாது, முதலிலிருந்துதான் அடிக்கவேண்டும். நெற்றிவரை வந்த துண்டைக் கத்தரித்து, சுருட்டி, டிராயரில் வைத்தாள். திரும்ப ஓட விட்டாள். முடி, நெற்றி, கண், சிரிப்பை அடக்கிய வாய், கழுத்து. சட்டைத் தோள் இறங்கியபோது நான் எழுந்து நின்றேன்.

தோளில் நாலு விரல் இருந்தது.

"ஏம்மா, வெரலு…"

"இருக்கட்டும் சார்." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கல்யாணமாகி ஆறாம் நாளு எடுத்தது. ஸ்டுடியோக்காரரு தோள்ல கை வையிம்மா, வையிம்மான்னு சத்தம் போட்டாரு. எனக்கா வெக்கம், கையி நடுங்குது. பாருங்க, சுண்டுவெரலு மட்டும் தெளிவா இருக்காது."

இருக்கவில்லை. மற்ற மூன்றும் தெளிவாக, அது மட்டும் கலங்கி.

மறுநாள் மணமேல்குடியில் மெயின் ரோட்டில் அதைக் கட்டினார்கள். நானும் லீவு போட்டுப் போயிருந்தேன். வெறும் நீலத்தில் அவர். பெயர், ஊர், கீழே ஒரு வரிகூட இல்லை. என் எழுத்து இல்லாமல் அந்தக் கடையிலிருந்து போன கண்ணீர் அஞ்சலி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அடியில் வாழையிலை போட்டு, அந்த அம்மா இரண்டு கையாலும் சோற்றைக் குவித்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பு ஊற்றினார். "சாப்புடுய்யா, சாப்புடுய்யா" என்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக்குள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கிய அவருடைய தம்பி, இரண்டு எட்டுப் பின்னால் வந்து நின்று அண்ணனைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "எல்லாம் நல்லாருக்கு சார். தோள்லதான் யாரு வெரலோ ஒட்டிக்கிட்டு இருக்கு. வருசத் திதிக்கு வேற அடிக்கறப்ப, அதை எடுத்துறச் சொல்லலாமா?"

"இல்லைங்க தம்பி" என்றேன். "அது எடுக்க வராது."